மூன்று விரல் அளவு: குடற்புழுக்களும் மூலிகை மருந்துகளும்

நாட்டு மருந்துக் கடைக்குப் போய், "வயித்துப் பூச்சிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் யோசிப்பதில்லை. ஒரு டப்பாவைத் திறந்து வாய்விடங்கம் எடுப்பார். பார்வைக்கு மிளகு போலிருக்கும். செம்பழுப்பு நிறம், ஒரு முனையில் குட்டிக் காம்பு. அடுத்த டப்பாவில் முருக்கன் விதை. புரசு மரத்தின் விதை அது. தட்டையாக, மெல்லியதாக, சிறுநீரக வடிவில் இருக்கும். கூடவே கொஞ்சம் ஓமம். எல்லாவற்றையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, "பொடி பண்ணித் தேன்ல குழைச்சுக் குடுங்க" என்பார். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டால் மூன்று விரலைக் குவித்துக் காட்டுவார்.

அந்த மூன்று விரல் அளவைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. செடிகளில் புழுவைக் கொல்லும் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை என்றோ கிடைத்துவிட்டது. இருக்கிறது. எந்தப் புழுவுக்கு, எந்தச் செடி, எவ்வளவு கொடுத்தால் குழந்தைக்குத் தீங்கில்லாமல் புழு போகும் என்ற கேள்விதான் இன்னும் பெரும்பாலும் அப்படியே கிடக்கிறது.

பூச்சி என்ற ஒரே சொல்

மண் வழியாகப் பரவும் குடற்புழுக்கள் உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேரைப் பற்றியிருக்கின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மக்கள்தொகையில் கிட்டத்தட்ட கால்வாசி. இவை எல்லாவற்றையும் நாம் பூச்சி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் ஒன்றின் வாழ்க்கை மற்றொன்றுக்கு இல்லை.

உருளைப்புழு ஒரு சாணுக்கு மேலும் வளரக்கூடியது. சிறுகுடலில் எதையும் பற்றிக்கொள்ளாமல் நீந்திக்கொண்டிருக்கும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 2,00,000 முட்டை வரை இடும். கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது, குடல் சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதிகம் காணப்படுவது இதுதான். சாட்டைப்புழு தன் மெல்லிய முன்பாதியைப் பெருங்குடல் சுவருக்குள்ளேயே புதைத்துக்கொள்ளும். நாடாப்புழு சரியாக வேகாத மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி வழியாக வந்து மீட்டர் கணக்கில் நீளும். இரவில் ஆசனவாயில் அரிப்பெடுக்க வைக்கும் கீரிப்பூச்சி தனி வகை.

நீந்தும் புழுவை மயக்கிவிட்டால் போதும், பேதியோடு வந்துவிடும். கவ்விக்கொண்டிருப்பதன் பிடியைத் தளர்த்த வேண்டும். சுவருக்குள் புதைந்திருப்பதை மருந்து எட்டுவதே கடினம். ஆகவே "பூச்சிக்கு மூலிகை" என்று பொதுவாகச் சொல்வது, காய்ச்சலுக்கு மருந்து என்பதைப் போல. எந்தக் காய்ச்சல் என்று கேட்டாக வேண்டும்.

மருந்துகள் செடியிலிருந்துதான் வந்தன

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை உலகெங்கும் புழு மருந்து என்றாலே அநேகமாக மூலிகைதான். கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸ் மாதுளை வேரைப் புழுவுக்குச் சொல்கிறது. 1878இல் பிரெஞ்சு வேதியியலாளர் சார்ல் தான்ரே மாதுளைப் பட்டையிலிருந்து நாடாப்புழுவை மயக்கும் பொருளைப் பிரித்து, வேதியியல் முன்னோடி பெல்த்தியேவின் பெயரால் பெல்லட்டியரின் என்று பெயரிட்டார்.

ஐரோப்பாவில் நாடாப்புழுவுக்குப் பேர்போனது ஆண் பெரணிச் செடியின் கிழங்கு. சுவிட்சர்லாந்தில் நூஃபர் என்ற மருத்துவர் ஒருவரின் விதவை அதை ரகசிய மருந்தாக விற்றுவந்தார். பிரான்சின் பதினாறாம் லூயி 18,000 லிவர் கொடுத்து அந்த ரகசியத்தை வாங்கி வெளியிடச் செய்தான். எத்தியோப்பியாவில் பச்சை மாட்டிறைச்சி உண்ணும் வழக்கம் பரவலானது. அங்கே கோசோ மரத்தின் பூவைக் குறிப்பிட்ட இடைவெளியில் அரைத்துக் குடிப்பது குடும்ப வழக்கமாக இருந்தது. மத்திய ஆசியாவின் மாசிபத்திரி இனச் செடி ஒன்றின் மொட்டிலிருந்து 1830இல் சாண்டோனின் பிரிக்கப்பட்டது. நூறாண்டுக்கு மேலாக உருளைப்புழுவுக்கு அதுதான் முதன்மை மருந்து.

இவை அத்தனையும் வேலை செய்தன. இவை அத்தனையும் கைவிடவும்பட்டன. சாண்டோனின் தின்றவர்களுக்கு உலகமே மஞ்சளாகத் தெரிந்தது; அளவு கூடினால் வலிப்பு வந்தது. ஆண் பெரணியும் கோசோவும் சிலரின் பார்வையைப் பறித்தன. புழுவின் நரம்பை மயக்கும் பொருள் மனித நரம்பையும் தொடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி எவ்வளவு என்பதில்தான் மருந்தும் நஞ்சும் பிரிகின்றன.

ஓமத்தின் பயணம்

இந்த இடைவெளியை அளந்து பார்த்த கதை ஒன்று நம் அடுக்களையோடு தொடர்புடையது.

ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 1872 முதல் 1882 வரை காட்ஹார்ட் ரயில் சுரங்கம் வெட்டினார்கள். தொழிலாளர்கள் வெளிறிப்போய், மூச்சுவாங்கிச் சாய்ந்தார்கள். காரணம் கொக்கிப்புழு என்று 1880 வாக்கில் தெரிந்தது. அதே காலத்தில் இத்தாலியின் டூரின் நகர மருத்துவர் கமில்லோ போட்சோலோ அதற்குத் தைமால் கொடுத்துப் பார்த்து வெற்றி கண்டார். தைமால் என்பது ஓமத்தின் மணம். ஓம எண்ணெயின் முக்கியப் பொருளே அதுதான். முதல் உலகப் போருக்கு முன்னால் இந்தியாவிலிருந்து ஓமம் மூட்டை மூட்டையாக ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கே தைமால் படிகமாகி உலகச் சந்தைக்குப் போனது.

1909இல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ராக்ஃபெல்லர் குழு தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பில் தைமால்தான் ஆயுதம். கொடுத்த முறை கவனிக்கத்தக்கது. முந்தைய இரவு பேதியுப்பு. மறுநாள் காலை வெறும் வயிற்றில் வயதுக்கேற்ற அளவில் பாதித் தைமால். இரண்டு மணி நேரம் கழித்து மீதி. பிறகு மறுபடியும் பேதியுப்பு. அன்று எண்ணெயும் மதுவும் கூடவே கூடாது. தைமால் எண்ணெயில் கரையும். கரைந்தால் குடலில் நிற்காமல் இரத்தத்தில் ஏறி ஆளைச் சாய்க்கும். ஆண் பெரணிக்கும் இதே எச்சரிக்கை உண்டு. பூச்சி மருந்து கொடுத்த கையோடு விளக்கெண்ணெய் கொடுப்பது நம் வீடுகளின் பழக்கம். பேதி வேண்டும் என்ற எண்ணம் சரியானது. எந்த மருந்தோடு எந்தப் பேதி என்பதுதான் மருத்துவ அறிவு.

1916இல் ராக்ஃபெல்லர் அமைப்பு இலங்கைக்கு வந்து மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் வேலையைத் தொடங்கியது. அங்கே தேயிலையும் ரப்பரும் வளர்த்தவர்கள் பெரும்பாலும் தமிழ் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். லயன்களுக்குக் கழிப்பறை இல்லை, காலுக்குச் செருப்பில்லை. பின்னாளில், கடல் கடக்கும் முன்னரே மண்டபம் முகாமில் தொழிலாளர்களுக்குக் கொக்கிப்புழு மருந்து புகட்டப்பட்டது. நம் ஓமம் ஐரோப்பாவுக்குப் போய், அளவு கற்று, பிறந்த மண்ணின் மக்களுக்கே மருந்தாகத் திரும்பியது என்று சொல்லலாம். ஆனால் மருந்து தின்று குணமானவர்கள் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தார்கள், புழுவும் திரும்பியது.

மெக்சிகோவின் பாடம்

போர்க்காலத்தில் தைமால் அரிதானபோது அதன் இடத்துக்கு வந்தது கீனோபோடியம் எண்ணெய். மெக்சிகோவில் எபசோத்தே என்று அவரையோடு சேர்த்துச் சமைக்கும் கீரையின் எண்ணெய் அது. புழுவைக் கொன்றது, அளவு தவறிய இடங்களில் குழந்தைகளையும் கொன்றது.

இதன் மறுபக்கத்தை மைக்கேல் கிளிக்ஸ் என்ற ஆய்வாளர் 1985இல் வெளியிட்டார். மெக்சிகோவின் சியாபாஸ் பகுதியில் மக்கள் தலைமுறைகளாகக் குடித்துவந்த எபசோத்தேக் கஷாயத்தை, அவர்கள் குடிக்கும் அளவிலேயே கொடுத்து, மலத்தில் புழு முட்டைகளை எண்ணிப் பார்த்தார். குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. ஆக, கஷாயம் பாதுகாப்பானது, புழுவைத் தொடவில்லை. எண்ணெய் புழுவைக் கொன்றது, ஆளையும் தொட்டது. ஒரே செடிதான். "காலங்காலமாகக் குடிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்ற சான்றிதழ் நஞ்சில்லை என்பதைத்தான் சொல்கிறது. பயன் உண்டா என்பதைச் சொல்லாது.

நம் மூலிகைகள் என்ன சொல்கின்றன

வாய்விடங்கத்தில் எம்பெலின் என்ற பொன்னிறப் படிகப் பொருள் இருக்கிறது. சித்தம், ஆயுர்வேதம் இரண்டிலும் புழுக்கொல்லிகளில் முதலில் வைத்துப் பேசப்படும் சரக்கு இதுதான். கடையில் இதற்குப் பதிலாக வேறு சில காய்கள் கலந்து வருவது பழைய தொல்லை. விலங்குச் சோதனைகளில் எம்பெலின் கருத்தரிப்பைத் தடுக்கும் தன்மை காட்டியிருக்கிறது. எனவே கர்ப்பிணிகளுக்கும், கருத்தரிக்க நினைப்பவர்களுக்கும் இது பொருந்தாது.

முருக்கன் விதையிலிருந்து பிரிக்கப்பட்ட பாலசோனின் உருளைப்புழு இனங்களின் மேல் செயல்படுகிறது. சித்த மருத்துவத்தில் முருக்கன் விதை மாத்திரை இன்றும் புழக்கத்தில் உள்ளது. பாலசோனினின் மூலக்கூறு, கொப்புளம் எழுப்பும் வண்டுகளின் கந்தாரிடின் என்ற நஞ்சுக்கு நெருங்கிய உறவு. ஆற்றலும் ஆபத்தும் ஒரே வேரிலிருந்து வருவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம். விதையைச் சுத்தி செய்து கொடுக்க வேண்டும் என்று பழைய வைத்தியர்கள் வலியுறுத்தியதை இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வேலியோரங்களில் கொத்துக்கொத்தாகப் பூக்கும் ரங்கூன் மல்லியின் விதையைப் பிலிப்பைன்ஸ் அரசின் சுகாதாரத் துறை, தான் பரிந்துரைக்கும் பத்து மூலிகைகளில் ஒன்றாக உருளைப்புழுவுக்கென்றே சேர்த்திருக்கிறது. அதிலுள்ள குவிஸ்குவாலிக் அமிலம் நரம்பைத் தூண்டும். அதிகம் தின்றால் விக்கல் எடுக்கும். மூளை ஆய்வாளர்கள் நரம்பணு ஏற்பிகளை இனங்காண இதே அமிலத்தைப் பயன்படுத்தினார்கள்.

ஆபத்தின் பட்டியல்

அடுத்து வருவதைப் பெற்றோர் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஆடுதின்னாப்பாளை என்ற கொடி பெயருக்கேற்ப ஆடு தீண்டாதது. புழுக்கொல்லி என்று நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. அதில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தபோது, இதே இனச் செடியொன்று அந்த மருந்தில் கலந்திருந்தது தெரியவந்தது. பின்னர் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் கண்டது. இந்த அமிலத்தைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்புப் பொருளாக வைத்திருக்கிறது. சேதம் உடனே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. புழு போனதைப் பாட்டி பார்த்திருப்பாள்; ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம் கெட்டதை யாரும் அந்தக் கொடியோடு முடிச்சுப்போட்டிருக்க மாட்டார்கள்.

வேப்பங்கொழுந்து வேறு, வேப்பெண்ணெய் வேறு. மலேசியாவில் கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டியதால் வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் 1981இல் லான்செட் இதழில் வெளிவந்தன. குழந்தைக்கு வேப்பெண்ணெய் ஒரு சொட்டும் உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது.

குப்பைமேனிச் சாறு கிராமங்களில் குழந்தைகளின் பூச்சிக்கு முதல் மருந்து. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்குக் குப்பைமேனி கலந்த கஞ்சி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்த நிகழ்வுகள் இலங்கையிலிருந்து 1996இல் பதிவாயின. அந்தக் குறைபாடு தமக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது.

மண்புழுவின் மேல் ஒரு சோதனை

இத்தனை மூலிகைகளைப் பற்றி நம் நாட்டில் ஆய்வு நடக்கவில்லையா? ஏராளமாக நடக்கிறது. எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

மருந்தியல் கல்லூரி ஆய்வகம். மேசையில் வரிசையாகக் கண்ணாடித் தட்டுகள். ஈர மண்ணிலிருந்து பிடித்து, உப்புநீரில் கழுவிய மண்புழுக்கள். ஒரு தட்டில் மூலிகைச் சாறு, மில்லிலிட்டருக்கு 25, 50, 100 மில்லிகிராம் என்று கூடிக்கொண்டே போகும். இன்னொன்றில் அல்பெண்டசோல். மாணவர் கையில் ஒரு கடிகாரம். புழு எப்போது அசையாமல் போகிறது, எப்போது சாகிறது என்று நிமிடக் கணக்கில் குறித்துக்கொள்கிறார். மூலிகைத் தட்டில் புழு சீக்கிரம் செத்தால், "இந்த மூலிகை அல்பெண்டசோலைவிட வீரியமானது" என்று முடிவு எழுதப்படுகிறது.

மண்புழு குடற்புழு இல்லை. உருளைப்புழுவோடு வடிவத்தில் ஒத்திருக்கிறது என்பதைத் தவிர இனத்தாலும் வாழ்க்கையாலும் தூரத்து உறவுகூட இல்லை. அதன் தோல் ஈரமாகச் சுவாசிக்கும் தோல். உருளைப்புழுவுக்கோ சீரண நீரையே தாங்கும் கவசம் உண்டு. அடர்த்தியான எந்தச் சாறும், உப்பும்கூட, மண்புழுவைக் கொல்லும். அல்பெண்டசோல் புழுவின் உயிரணுச் சட்டகத்தைக் குலைத்து, அதைச் சத்தெடுக்க விடாமல் நாள்கணக்கில் பட்டினி போடும் மருந்து. நிமிடக் கணக்கில் ஓட்டப் பந்தயம் வைத்தால் அது தோற்கத்தான் செய்யும். செலவு குறைவு, விலங்குச் சோதனைக்கான ஒப்புதல் தேவையில்லை என்பதால் இந்த முறை நீடிக்கிறது. இப்படி எழுதப்படும் நூறு கட்டுரைகளும் ஒரு குழந்தைக்கு எவ்வளவு கொடுப்பது என்று சொல்ல உதவாது. மாணவர்களின் உழைப்பு இப்படி வீணாவது எனக்கு வலிக்கிறது.

மனிதரிடம் செய்த ஆய்வுகள்

மனிதரிடம் நேராகப் பார்த்த ஆய்வுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2007இல் நைஜீரியாவிலிருந்து வெளிவந்த ஒன்று பப்பாளி விதையைப் பற்றியது. மலத்தில் ஒட்டுண்ணி இருந்த 60 குழந்தைகளில் பாதிப் பேருக்குக் காய்ந்த பப்பாளி விதையைத் தேனில் குழைத்தும், மீதிப் பேருக்குத் தேன் மட்டும் கொடுத்தார்கள். 7 நாள் கழித்து மலத்தைச் சோதித்தபோது முதல் குழுவில் 30 பேரில் 23 பேருக்கும், தேன் குழுவில் 30 பேரில் 5 பேருக்கும் ஒட்டுண்ணி இல்லை. சிறிய ஆய்வுதான்; ஆனாலும் கேள்வியைச் சரியாகக் கேட்ட ஆய்வு.

சீனாவின் சிச்சுவான் பகுதியில் நாடாப்புழு நோயாளிகளுக்குப் பூசணி விதையும் பாக்குச் சாறும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2012இல் வந்தது. பெரும்பாலோருக்கு முழுப் புழு சுமார் 2 மணி நேரத்தில் வெளியேறியது. பாக்கிலுள்ள அரிகோலின் புழுவை மயக்கிப் பிடியை விடச் செய்கிறது. ஆனால் பாக்கு மெல்லுவது வாய்ப்புற்றுநோய்க்குக் காரணம் என்பதை மறந்துவிட்டு அதை வீட்டு மருந்தாக்க முடியாது.

மாத்திரையும் அதன் ஓட்டையும்

இன்று கையிலிருக்கும் மருந்து அல்பெண்டசோல். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இலவசமாகத் தருகிறார்கள். 400 மில்லிகிராம், ஒரே மாத்திரை. 2 வயதுக்குள் பாதி. 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வின்படி ஒரு வேளை அல்பெண்டசோல் உருளைப்புழுவில் சுமார் 96 விழுக்காட்டினரையும் கொக்கிப்புழுவில் சுமார் 80 விழுக்காட்டினரையும் குணமாக்குகிறது. சாட்டைப்புழுவில் சுமார் 31 விழுக்காடுதான்.

மூலிகை ஆய்வுக்கு உண்மையான இடம் அந்த 31இல் இருக்கிறது. பப்பாளிப் பாலிலுள்ள புரதம் அரிக்கும் நொதிகள் புழுவின் மேல்தோலையே கரைப்பதை நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். எலிகளின் சாட்டைப்புழுவை அவை குறைத்தன. ஆட்டு மந்தைகளில் புழுக்கள் மாத்திரைகளுக்கு மசியாமல் எதிர்ப்புப் பெற்றுவிட்டன. நாளை மனிதப் புழுவுக்கும் அது நேரலாம். அப்போது வேறு வழியில் தாக்கும் மருந்து தேவைப்படும். மாத்திரை நன்றாக வேலை செய்யும் உருளைப்புழுவில் மூலிகையைப் போட்டிக்கு நிறுத்துவதைவிட, மாத்திரை தோற்கும் இடத்தில் அதைத் துணைக்கு அழைப்பதே அறிவு.

செய்ய வேண்டியது

குழந்தைக்குப் புழு இருந்தால் மாத்திரை கொடுங்கள். வேப்பம்பூ ரசம், சுண்டைவற்றல், ஓமத்தண்ணீர் எல்லாம் உணவாக இருக்கட்டும். அவற்றை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். வயிறு உப்பி, வாந்தியெடுத்து, மலம் போகாமல் தவிக்கும் குழந்தைக்கு எந்தப் பேதி மருந்தும் கொடுக்கக் கூடாது. புழுத்திரள் குடலை அடைத்திருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலில் செருப்பு, வீட்டில் கழிப்பறை, சாப்பிடும் முன் சோப்பு இல்லையென்றால் மாத்திரையும் மூலிகையும் மாத்தளைத் தோட்டங்களின் கதையையே திரும்ப எழுதும்.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் வீடு வீடாகப் போய் மல மாதிரி சேகரித்து, நுண்ணோக்கியில் கொக்கிப்புழு முட்டைகளை எண்ணிய அனுபவம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக் குழுவுக்கு இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் உட்காரவைத்தால் போதும். முருக்கன் விதையின் பாலசோனினை அளந்து, சிறுநீரகத்துக்குத் தீங்கில்லாத அளவை முதலில் விலங்கிலும் பிறகு ஒப்புதல் தந்த பெரியவர்களிடமும் உறுதி செய்து, கொடுப்பதற்கு முன்னும் மூன்று வாரம் கழித்தும் ஒரு கிராம் மலத்தில் எத்தனை முட்டை என்று எண்ண வேண்டும். குறைந்தால் குறைந்தது என்றும், குறையாவிட்டால் குறையவில்லை என்றும் அச்சிட வேண்டும்.

அந்த எண் கிடைக்கும் நாளில், நாட்டு மருந்துக் கடைக்காரர் விரலைக் குவித்துக் காட்ட வேண்டியிருக்காது. பொட்டலத்தின் மேல் குழந்தையின் எடையையும் மருந்தின் அளவையும் எழுதிக் கொடுப்பார்.